பனையடியில் ஒரு பெட்டி



“சாமி, என் மகன் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் எதையோ தேடித் திரிகிறான். கேட்டால், பெட்டி தேடுகிறேன் என்கிறான். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது” என்று வில்லியனூர்ப் பக்கத்துத் தாய் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்து கண்ணீர் விட்டார். அவருடைய மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயினும் அத்தாயின் அச்சத்தை நான் சிரித்து ஒதுக்கவில்லை. ஏன் என்பதைப் பின்னர் கூறுகிறேன்.

மேல்நாட்டார் ஜியோகேச்சிங் என்று வழங்கும் ஒரு பொழுதுபோக்கு இது. நம் இளைஞர்கள் ‘பெட்டி தேடல்’ என்கின்றனர். அப்பெயரே எனக்கும் பிடித்திருக்கிறது. நம் பாட்டிமார் மணலில் ஆடிய கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் நினைவிருக்கிறதா? மணலை நீளக் கரையாகக் குவித்து, அதனுள் ஒரு சிறு குச்சியை மறைத்துவிட, எதிரில் இருப்பவர் இரு கைகளையும் கோத்து, அது இருக்கும் இடத்தை ஊகித்து மூட வேண்டும். அந்த மணற்கரையை உலகம் முழுவதற்கும் நீட்டிவிட்டால் அதுவே பெட்டி தேடல். ஒருவர் ஒரு சிறு பெட்டியில் குறிப்பேடு ஒன்றையும் சில விளையாட்டுப் பொருள்களையும் இட்டு ஓரிடத்தில் ஒளித்துவைக்கிறார். அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவிக்கிறார். தேடுவோர் கைப்பேசியின் துணையுடன் சென்று கண்டெடுத்து, குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துத் திரும்புகின்றனர். பரிசு ஏதுமில்லை. கண்டுபிடித்த மகிழ்ச்சி ஒன்றே பயன்.

இது பிறந்த நாளைத் திட்டமாகக் கூறலாம். வானில் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிகளைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தை அறிவிக்கும் ஏற்பாடே ஜி.பி.எஸ். என்பது. படைத்துறையின் பொருட்டு, பொதுமக்களுக்குக் கிடைக்கும் குறியில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தனர். நூறு மீட்டர் வரை தவறு நேரும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அப்பிழை நீக்கப்பட்டது. மறுநாளே, மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் குறிப்பேடும் பென்சிலும் புத்தகங்களும் ஒரு கவணும் ஒரு டப்பா அவரையும் இட்டுக் காட்டோரத்தில் மறைத்து, அதன் எண்களை இணையத்தில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் உள்ளன. இதற்கு மூத்த விளையாட்டு ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 1854ஆம் ஆண்டு வழிகாட்டி ஒருவர் ஒரு புட்டியை வைத்து, அங்கு வருவோர் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் செல்லச் செய்தார். அங்கே அது இன்னும் நடைபெறுகிறது.

இடத்தை எண்ணால் குறிப்பது புதிது. இடத்தைப் பிழையறக் குறிப்பது நமக்குப் புதிதன்று. 1879ஆம் ஆண்டு பாகூர் அருகே கிடைத்த செப்பேடுகள், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் இயங்கிய கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையளித்ததைக் கூறுகின்றன. அக்காலச் செப்பேடுகள் பலவற்றில் நாற்பால் எல்லையும் மரம், வாய்க்கால், மேடு எனப் பெயர் சொல்லிக் காட்டப்படும். சோழர் காலத்தில் பெண்யானையை எல்லைநெடுக நடத்திக் கல்லும் கள்ளியும் நட்டனர். யானை நடந்த எல்லையை ஊரார் அனைவரும் கண்டனர் என்பதைக் கவனிக்க.

கைப்பேசியைப் பற்றிய என் அறிவு, திருப்பலி நேரத்தில் அதனை அணைத்துவைப்பதோடு முடிந்துவிடும். ஆகையால் இளைஞர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொண்டு கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன். அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஒரு கலை என்பது அதில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 1.85 கிலோமீட்டர். கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆகவே எண்ணை எழுதும் முறையில் மிகுந்த கவனம் வேண்டும். வில்லியனூர் சுமார் 11 பாகை 55 கலை வடக்கிலும், 79 பாகை 46 கலை கிழக்கிலும் உள்ளது. இதனை அறியாப் பிள்ளை ஒருவன் 11.55 என்றும் 79.46 என்றும் புள்ளியிட்டுக் கைப்பேசியில் பதித்தால் அது அவனை நெய்வேலிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடும்! திறந்த வெளியில் நல்ல கைப்பேசி ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். அடர்ந்த தோப்பினுள் அக்கணக்கு கெடும். ஆகையால் கடைசி இருபதடிக்குக் கருவியைச் சட்டைப்பையில் இட்டுவிட்டுக் கண்களைத் திறக்க வேண்டும். ‘நானாக இருந்தால் எங்கே ஒளிப்பேன்?’ என்று தன்னையே கேட்டுக்கொள்பவன்தான் விரைவில் காண்கிறான் என்கிறார் என் இளைய ஆசிரியர்.

இனி, நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

பாகூர்ப் பகுதியில் ஒரு சிற்றூரில் நான் பங்குப் பணியாற்றிய காலத்தில் நடந்தது இது. அக்டோபர்த் திங்களின் கடைசி வாரம். கல்லறைத் திருநாளுக்காக மக்கள் தத்தம் முன்னோரின் கல்லறைகளைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தனர். கல்லறைத் தோட்டத்து வேலியோரத்தில் மூன்று பனைமரங்கள் கூட்டமாய் நிற்கும். அவற்றின் அடியில் புல் செதுக்கியவர் மண்வெட்டியில் ‘டங்’ என்று ஒரு தகர டப்பா தட்டுப்பட்டது. திறந்து பார்த்தனர். உள்ளே விரலளவு பொம்மை ஒன்று, சிவப்பு நூற்கண்டு, ஊக்குகள், சில நாணயங்கள், நீலப் பாசிமணி, அயல்மொழியில் பெயர்களும் தேதிகளும் எழுதிய சிறு நோட்டு ஒன்று.

நகரத்தார் இதனைக் கண்டிருப்பின் குழந்தைகளின் விளையாட்டுப் பெட்டி என்று எறிந்திருப்பர். எங்கள் ஊரில், கல்லறை ஓரத்தில், மண்ணுக்கடியில், பொம்மையும் சிவப்பு நூலும் பெயர்ப் பட்டியலும் கிடைத்தால் அதற்குப் பொருள் ஒன்றே: செய்வினை. ஞானஸ்நானம் பெற்று நான்கு தலைமுறை கடந்த குடும்பங்களிலும் இவ்வச்சம் இன்னும் வேரோடு இருக்கிறது என்பதை எழுத எனக்கு நாணமாக உள்ளது; ஆயினும் உண்மை அதுவே. அவ்வாண்டு மழைக்காலத்தில் அத்தெருவில் காய்ச்சல் பரவியிருந்தது. ஒரு வீட்டில் சிறுபெண் ஒருத்தி டெங்குக் காய்ச்சலால் மருத்துவமனையில் கிடந்தாள். தெருக்கோடியில், கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய குடிசையில், இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கும் கைம்பெண் ஒருவர் தனியே வாழ்ந்தார். ஊரார் அனைவர்க்கும் அவர் ‘ஆயா’. அச்சிறுமியின் தாய்க்கும் அவர்க்கும் சில மாதங்களுக்கு முன் தண்ணீர்க் குழாயடியில் வாய்ச்சண்டை நேர்ந்திருந்தது. இதற்குமேல் நான் விளக்க வேண்டுவதில்லை.

மறுநாள் காலை ஆயாவின் அடுப்பில் ஈடு இட்லி வெந்து ஆறிப்போயிற்று. வாங்க ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் அவ்வாறே. கோவில்பிள்ளை என்னிடம் செய்தியைச் சொன்னபோது, ‘இரண்டு நாளில் அடங்கிவிடும், நாமே பெரிதுபடுத்த வேண்டாம்’ என்று விட்டுவிட்டேன். கல்லறைத் திருநாள் வேலைகள் என்னை நெருக்கின என்று சமாதானம் கூறலாம்; அது முழு உண்மையன்று. எழுதப்படாத ஊர்வாயோடு மோதுவதற்கு எனக்கு மனமில்லை. பத்து நாள் கடந்தது. ஒரு ஞாயிறன்று, எப்போதும் பலிபீடத்துக்கு முன் தரையில் முதல் வரிசையில் அமரும் ஆயா, வாயிற்படிக்கு அருகில், செருப்புகள் கிடக்கும் இடத்தை ஒட்டி அமர்ந்திருப்பதைக் கண்டேன். நற்கருணை வாங்கவும் எல்லாரும் சென்றபின் கடைசியாக வந்தார். அன்றுதான் எனக்குச் சுருக்கென்றது.

அந்த டப்பாவை யாரோ ஒருவர் தொடக்கூட அஞ்சி, கோலால் தள்ளிக் கோணியில் கட்டிக் கோவில் கொட்டகையில் போட்டிருந்தார். நோட்டைப் புரட்டினேன். முதற்பக்கத்திலேயே ஆங்கிலத்தில், இது ஒரு விளையாட்டுப் பெட்டி, தயவுசெய்து எடுத்துச் செல்லாதீர் என்று எழுதி, வைத்தவரின் மின்னஞ்சல் முகவரியும் தந்திருந்தது. அதைத் தமிழில் எழுதியிருந்தால் அவ்வளவும் நேர்ந்திராது! வைத்தவர் வேறு யாருமல்லர். வெளியூரில் பொறியியல் கற்கும் நம் பங்கின் மாணவரே. பொம்மையும் பாசிமணியும் அவர் வைத்தவை. சிவப்பு நூலையும் ஊக்குகளையும் பின்னர் வந்த யாரோ வைத்துச் சென்றனர். ‘எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வை’ என்பது இவ்விளையாட்டின் வழக்கமாம்.

உயிர்ச்சேதம் இல்லை, பொருட்சேதம் இல்லை. ஒரு கிழவியின் பிழைப்பும் மானமும்தான் போயின. மேல்நாட்டிலும் இத்தகைய பெட்டிகள் கலவரம் விளைத்ததுண்டு. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்னும் ஊரில், உணவகத்துக்கு வெளியே ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை வெடிகுண்டென்று கருதித் தெருவையே மூடிப் படைத்துறை வல்லுநர் அதனை வெடிக்கச் செய்தனர். அவ்வூரார் குண்டுக்கு அஞ்சினர், நம் ஊரார் சூனியத்துக்கு அஞ்சினர். ஒளித்தவர் இருவரும், காண்போர் என்ன எண்ணுவர் என்பதை எண்ணவில்லை.

இந்த விளையாட்டுக்கு நல்ல விதிகள் இல்லாமலில்லை. அவற்றை ஆக்கியோர் அறிவுடையோரே. மண்ணைத் தோண்டி ஒளிக்கக் கூடாது, தேடும்போதும் தோண்டக் கூடாது என்பது முதன்மையான விதி. நம் மாணவர் டப்பாவைப் புதைக்கவில்லை, வேர்களுக்கிடையே செருகினார். மழை மண்ணைத் தள்ளி மூடிவிட்டது. ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டர் இடைவெளி வேண்டும். இருப்புப்பாதை, பள்ளிக்கூடம், படைத்துறை நிலம் இவற்றின் அருகே வைத்தல் ஆகாது. தின்பண்டம் வைத்தால் எறும்பும் எலியும் நாயும் பெட்டியைக் குதறிவிடும். தீப்பெட்டி, பட்டாசு, கத்தி, மது இவற்றுக்கு இடமே இல்லை. நீர் புகாத மூடியுள்ள பெட்டியாக இருக்கட்டும். நம் வடகிழக்குப் பருவமழை அட்டைப் பெட்டியை ஒரே இரவில் கூழாக்கிவிடும். எடுத்த இடத்தில் எடுத்தபடியே வைக்க வேண்டும். ‘இதைவிட நல்ல இடம்’ என்று மாற்றுவது அடுத்தவரை ஏமாற்றுவதாகும்.

எல்லாவற்றுக்கும் மேலானது நிலத்துக்கு உரியவரின் இசைவு. வயலில் புதைந்த புதையலைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை நாம் நூறு முறை கேட்டிருக்கிறோம். புதையலைக் கண்டவன் அதனை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. தனக்குள்ள யாவற்றையும் விற்று, முதலில் அந்த நிலத்தை வாங்கினான். மறையுரைகளில் இப்பகுதியை நான் ஒருமுறையும் அழுத்திக் கூறியதில்லை. நம் நாட்டுச் சட்டமும் இதில் கண்டிப்பானதே. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதனைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும். பெட்டி தேடப்போய் மெய்யான பழங்காசு கிட்டினால் பையில் போட்டுக்கொள்ளலாகாது.

‘பிறர் காணாதபடி தேடு’ என்று ஒரு வழக்கும் இவ்விளையாட்டில் உண்டு. அறியாதார் பெட்டியை எடுத்துச் சென்றுவிடுவர் என்பதே அதன் காரணம். இவ்வழக்கை மட்டும் நம் கிராமங்களில் நான் ஏற்கமாட்டேன். நகரத்தில் ஒருவன் பூங்காவில் குனிந்து நிமிர்ந்தால் எவரும் திரும்பிப் பாரார். இங்கோ, அயலான் ஒருவன் வரப்பில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தால் பம்புசெட்டு மோட்டார் திருடன் என்றோ ஆடு திருடன் என்றோ பத்துப் பேர் கூடிவிடுவர். எனவே ஊருக்குள் நுழைந்ததும் தேநீர்க்கடையில் அமர்ந்து, இன்னார் வீட்டுப் பிள்ளை, இன்ன காரியத்துக்கு வந்தேன் என்று சொல்லிவிடுக. பெரியவர் ஒருவர் கூடவே வருவார். பெட்டியையும் அவரே கண்டுபிடித்துவிடுவார், அது வேறு. நம் கொம்யூன்களின் எல்லையோ பின்னிய பாய் போன்றது. ஒரு வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு, இன்னொரு வரப்பைத் தாண்டினால் மீண்டும் புதுச்சேரி. காவலர் விசாரித்தால் எந்தக் காவல் நிலையம் என்பதே குழப்பமாகும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

நடவு முடிந்த சேற்று வரப்பில் கூட்டமாய் நடந்தால் வரப்பு உடைந்து நீர் வடிந்துபோகும். கதிர் முற்றிய வயலில் கால் வைப்பதும் அங்ஙனமே. அறுவடைக்குப் பிந்திய மாதங்களே தேடலுக்கு உகந்தவை. அதிலும் வெயில் ஏறுமுன் அல்லது மாலையில். கல்லிடுக்கிலும் மரப்பொந்திலும் வெறுங்கையை நுழைத்தல் ஒருபோதும் கூடாது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் சுருட்டையும் நம் ஊரில் உண்டு. கோலால் தட்டிப் பார்த்து, ஒளி பாய்ச்சிப் பார்த்த பின்னரே கை. பாம்பு தீண்டிவிட்டால் இறுகக் கட்டுவதும், கீறி இரத்தம் எடுப்பதும், மந்திரிப்பவரிடம் ஓடுவதும் கேடு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே நஞ்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பனைமரத்தில் கதண்டுக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதும் நன்று. கிணற்று மேட்டில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பவனுக்கு என்ன நேரும் என்பதை எழுத வேண்டியதில்லை.

பெட்டியே வைக்காமல் தேடும் வகை ஒன்றும் இருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். 2004ஆம் ஆண்டு முதல் நடைபெறும் அதில், நிலத்தின் இயற்கை அமைப்பொன்றைக் காணச் சென்று, அங்கே பார்த்தால் மட்டுமே சொல்லத்தக்க வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். வில்லியனூரிலிருந்து ஒரு காலைப் பொழுதில் சென்று திரும்பக்கூடிய திருவக்கரைக்கு இது மிகப் பொருத்தம். அங்கே கல்லாகிவிட்ட மரங்கள் கிடக்கின்றன. சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கை அறிஞர் 1781இலேயே அவற்றைப் பற்றி எழுதினார். அங்கிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்து வரலாகாது. ஆயிரம் பேர் ஆளுக்கொரு துண்டு எடுத்தால் ஆண்டவர் கோடி ஆண்டுகளாய் வைத்திருந்தது பத்தாண்டில் தீர்ந்துபோகும். அரிக்கமேட்டுக்கும் இதுவே விதி. 1945இல் வீலர் என்பார் அகழ்ந்து உரோமை வாணிகத் தொடர்பை உலகுக்கு அறிவித்த மண் அது. மழைக்குப்பின் சிறுவர் அங்கே பாசிமணி பொறுக்குவது வழக்கமாயிற்று. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் பெட்டி வைப்பதும் பிழை, பொறுக்குவதும் பிழை. அங்கு நிற்கும் 18ஆம் நூற்றாண்டுக் குருமட இடிபாட்டின் முன் நம் பிள்ளைகள் ஒரு நிமிடம் நின்று பார்த்தாலே போதும்.

2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரியில் கரையோடு நின்றுவிடுக. கூடு கட்டும் காலத்தில் நாணற்புதரைக் கலைப்பவன் முட்டைகளைக் காகத்துக்குக் கொடுப்பவனாவான். பாகூர் மூலநாதர் கோவிலின் கல்வெட்டுகளைக் காணப் போகும் நம் பிள்ளைகள் காலணியைக் கழற்றி, குருக்களிடம் கேட்டுப் பார்க்க. வில்லியனூர் லூர்தன்னை திருத்தலத்துக்கு வரும் பிறமதத்தினரிடம் நாம் எத்தகைய ஒழுக்கத்தை எதிர்பார்க்கிறோமோ அதுவே அளவு. 2002 முதல் உலகெங்கும் இவ்விளையாட்டினர், தேடப் போகும் வழியில் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு திரும்பும் வழக்கத்தையும் ஏற்படுத்தியுள்ளனர். சங்கராபரணிக் கரைக்கு நம் இளைஞர் மன்றத்தினர் ஒரு சாக்கோடு சென்றால் அரை மணியில் நிரப்பிவிடலாம்.

அந்த மாணவரை நான் வரவழைத்தேன். கூசினார், ஆயினும் வந்தார். ஞாயிறு திருப்பலிக்குப் பின், டப்பாவை எல்லார் முன்னிலையிலும் மேசைமீது வைத்துப் பொருள் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி விளக்கினார். பின்பு என் பத்து நாள் வாளாவிருப்புக்காக நானும் மக்கள் முன் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் ஆயாவின் குடிசைக்குச் சென்றோம். அவர் டப்பாவைக் கையில் வாங்கி அந்த விரலளவு பொம்மையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இதுக்கா ஊரே என்ன ஒதுக்கி வெச்சிது?” என்றார். சிறிது நேரம் கழித்து, “தம்பி, நீ சாப்டியா?” என்று கேட்டார்.

மருத்துவமனையிலிருந்த சிறுமி நலமடைந்து வீடு திரும்பினாள். மாணவர் பனையடியைக் கைவிட்டு, ஆயாவின் இசைவோடு அவருடைய திண்ணைமாடத்தில் பெட்டியை வைத்தார். பொம்மையையும் நூலையும் நீக்கி, மேலே பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டினார். விளையாட்டில் வாணிகம் கலத்தல் விதிக்கு மாறாகையால், பெட்டி தேடி வருவோர் இட்லி வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. ஆயினும் ஆயா எவரையும் வெறும் வயிற்றோடு அனுப்புவதில்லை என்று கேள்வி. சென்னையிலிருந்து வந்த இளந்தம்பதி ஒருவர் கையெழுத்திட்ட பக்கத்தை எனக்கு எடுத்துக் காட்டினார். தமக்கு எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் எத்தனை பெயர் சேர்ந்தது என்று கணக்கு வைத்திருக்கிறார்.

தெருவில் பெரும்பாலோர் மீண்டும் அவரிடம் இட்லி வாங்குகின்றனர். அச்சிறுமியின் வீட்டார் இன்னும் வாங்குவதில்லை.